கொலுவுக்குத் தீம்: செட் வாங்குவதா, வீட்டிலேயே செய்வதா?

கேள்வி, 12 ஜூலை 2025

இந்த வருஷம்தான் முதல்முறையா தனியா கொலு வைக்கிறோம். மூணு படி. மாமியார் வீட்டிலிருந்து தசாவதாரம், செட்டியார், மரப்பாச்சி ஜோடி வந்தாச்சு. படிக்குப் பக்கத்தில் நாலடிக்கு மூணடி இடம் இருக்கு. அங்கே ஏதாவது தீம் வைக்கணும்னு பையனுக்கு ஆசை. கடையில் கல்யாண செட், கிரிக்கெட் செட் எல்லாம் கிடைக்குது. வாங்கிடலாமா, நாமே செய்யலாமா? செய்யறதுன்னா எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பதில், 13 ஜூலை, காலை

பரணிலிருந்து ஆரம்பியுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டேப்பை எடுத்துப் பரண் கதவை அளந்து எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அகலம் 58 செ.மீ., உயரம் 43. கொலு ஒன்பது நாள், இந்த வருஷம் திதி நீண்டதால் பத்து. மிச்ச நாளெல்லாம் நீங்கள் செய்தது பரணில்தான் குடியிருக்கும்.

2019இல் காகிதக் கூழில் கயிலாய மலை செய்தேன். நாலடி உயரம், அடிப்பக்கம் இரண்டரை அடி. வந்தவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். விஜயதசமி முடிந்து தூக்கினால் பரணுக்குள் போகவில்லை. நிமிர்த்தி, படுக்கவைத்து, சாய்த்து, எப்படியும் போகவில்லை. பெட்ரூம் மூலையில் நின்றது. தை பிறந்ததும் கணவர் அதன் சிகரத்தில் ஈரத் துண்டைக் காயப்போட ஆரம்பித்தார். மாசியில் குப்பை வண்டி.

13 ஜூலை, இரவு

காலையில் பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொன்னேன். செட் வாங்குவதில் தப்பே இல்லை. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நின்றால் எனக்கும் கை அரிக்கும். காஞ்சிபுரத்து காகிதக் கூழ் பொம்மையை நாம் வீட்டில் செய்துவிட முடியாது, அது பரம்பரைக் கை. ஆனால் செட் வாங்கினால் பொம்மைதான் கூடும். உங்கள் பையன் கேட்பது வேறு ஏதோ என்று தோன்றுகிறது.

நான் இந்த வருஷம் செய்யப்போவது பாம்பன் பாலம். ஏப்ரல் 6, ராம நவமியன்று புதுப் பாலம் திறந்ததிலிருந்து இது தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. மாமாவிடம் (மாமனார், பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்) சொன்னேன். "நவராத்திரிக்கு எழுபது நாள்தான் இருக்கு மாமா, முடியுமா?" என்றதற்கு, "அறுபத்துநாலு புயல்ல போன பாலத்தையே எஞ்சினியர் ஸ்ரீதரன் நாப்பத்தாறு நாள்ல நிமித்திட்டார். உனக்குக் கூட இருபத்துநாலு நாள் இருக்கேம்மா" என்றார்.

14 ஜூலை

அளவுக் கணக்கு. என் பையனின் பழைய பேட்டரி ரயில்தான் அளவுகோல். அதில் ஒரு பெட்டி 12 செ.மீ. நிஜப் பெட்டி 21 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக 1க்கு 178. புதுப் பாலத்தின் தூக்கும் பகுதி 72.5 மீட்டர், நமக்கு 41 செ.மீ. மற்ற கண்கள் (ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் இருக்கிற துண்டு) ஒவ்வொன்றும் 18.3 மீட்டர், நமக்கு 10 செ.மீ. சொச்சம். கப்பல் போக 17 மீட்டர் உயர்கிறது, நமக்கு ஒன்பதரை. முழுப் பாலத்தையும் செய்தால் பதினோரு மீட்டரைத் தாண்டும். ஹாலில் ஏறும் ரயில் எதிர் வீட்டுச் சமையலறையில்தான் இறங்கும்.

அதனால் தூக்கும் பகுதி ஒன்று, இரு பக்கமும் மும்மூன்று கண். எல்லாம் தனித்தனித் துண்டு, கழற்றி மாட்டுகிற மாதிரி. கோபுரம் எதுவும் 42 செ.மீ. தாண்டக் கூடாது. காரணம் மேலே இருக்கிறது.

20 ஜூலை

தெர்மாகோல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். பெட்ரோலும் நெயில்பாலிஷ் ரிமூவரும் அதே வேலையைச் செய்யும். முன்பொரு வருஷம், ரெடிமேடாக வெட்டிய கோயில் கோபுரம் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் "எந்த பெயின்ட் வேணும்னாலும் அடிங்கம்மா" என்றார். தங்க நிற ஸ்ப்ரே அடித்துவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வந்தால் மேல் நிலைகள் இரண்டும் சப்பிப்போட்ட பனங்கொட்டை மாதிரி இருந்தன.

ஃபெவிகாலில் ஒட்டுங்கள், சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் பெயின்ட் அடியுங்கள். காய நேரம் பிடிக்கும். அதுதான் விலை.

20 ஜூலை, பத்து நிமிஷம் கழித்து

எமல்ஷன் இரண்டு கோட் அடித்துவிட்டு மேலே ஸ்ப்ரே அடிக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அடிக்கலாம், ஊசி முனை அளவுகூட இடம் விட்டுப்போகவில்லை என்றால். எனக்கு அந்த அளவு பொறுமை கிடையாது.

27 ஜூலை

பிளேடால் தெர்மாகோலை வெட்டினால் வீடு முழுக்கப் பொரி. அது ஃபேன் காற்றில் சாமி அறை வரை போகும். இந்த முறை மாமா சூட்டுக் கம்பி செய்து தந்தார். பழைய ஹீட்டர் சுருளிலிருந்து ஒரு சாண் நிக்ரோம் கம்பி, ஒரு மரச் சட்டம், 12 வோல்ட் அடாப்டர். கம்பி தொய்யாமல் இருக்க ஒரு முனையில் ஸ்பிரிங். நெய்யில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்குகிறது.

கம்பி சிவக்கக் கூடாது. சிவந்தால் தெர்மாகோல் வெட்டுப்படாமல் உருகி, பள்ளம் அகலமாகிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. நேராக ப்ளக்கில் சொருகலாமா என்று கேட்காதீர்கள்.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. காவிரிக்கரை அம்மா மண்டபம் பக்கம் போய்விட்டு வரவே மதியமாகிவிட்டது. பாலம் அப்படியே கிடக்கிறது. புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் தீர்ந்துவிட்டன.

10 ஆகஸ்ட்

"ரயில், பாலம் எல்லாம் கொலுவா? எக்ஸிபிஷன்" என்று கமென்ட்டில் ஒரு மாமி சாடியிருக்கிறார். முதலில் கோபம் வந்தது. அப்புறம், அவர் சொல்வது சரிதானோ, இது டிவிக்காரர்கள் பரிசு கொடுக்க ஆரம்பித்தபின் வந்த மோகம்தானோ என்றும் தோன்றியது. அப்படியே எழுதிப் போட இருந்தேன்.

நல்லவேளை போடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது பாட்டி வீட்டுக் கொலு நினைவுக்கு வந்தது. படிக்குக் கீழே பார்க். செங்கல் வரப்பு, நடுவில் ஆற்று மணல். பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூள்தான் புல்வெளி. ரசம் போன முகம்பார்க்கும் கண்ணாடியின் விளிம்பில் மணலை அணைத்துவிட்டால் குளம், அதில் பிளாஸ்டிக் வாத்து. தீப்பெட்டியில் வீடு. ஊதுபத்தி அட்டையில் ரயில்வே கேட், என் தாய்மாமா பையன் அதைத் தூக்கித் தூக்கி உடைத்தான். அந்த வருஷம் பாட்டிக்கு அறுபது வயசு, டிவியே கிடையாது. தீம் என்ற வார்த்தை மட்டும்தான் புதுசு.

செட்டியார் பொம்மை முன்னால் அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் கிண்ணம் கிண்ணமாக வைக்கிறோமே, அதுவும் இதேதான். கடையே ஜோடிக்கிறோம்.

மாமிக்கு ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். படியில் ரயில் வராது. கலசத்துக்கும் மரப்பாச்சிக்கும் உரிய இடம் அவற்றுக்குத்தான். பாலம் கீழே, பக்கத்தில்.

17 ஆகஸ்ட்

தூக்கும் பகுதி தயார். ஐஸ் குச்சியில் முக்கோணம் முக்கோணமாக ஒட்டினது, தண்டவாளத்தோடு 310 கிராம். பள்ளிப் பிள்ளைகள் புராஜெக்டுக்கு வாங்குகிற மஞ்சள் கியர் மோட்டார், தூண்டில் நரம்பு, நாலு மூலையில் நாலு கப்பி. ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் முனகுகிறது, பாலம் அசையவில்லை. பெரிய மோட்டார் வாங்கலாம் என்று கிளம்பினேன்.

மாமா பேப்பரை மடித்து வைத்தார். "ஏம்மா, நெஜப் பாலத்துல அவ்வளவு எடையையும் மோட்டாரா தூக்குது?"

"வேற எது மாமா தூக்கும்?"

"ஆஸ்பத்திரி லிஃப்டுல ஏறியிருக்கியா? நீ மேல போறப்ப பின்னாடி ஒண்ணு கீழ போகும், பாத்திருக்கியா? அதுதான் தூக்குது. மோட்டார் சும்மா தள்ளிவிடும்."

கவுன்டர் வெயிட். பாலம் எவ்வளவு கனமோ அதே கனத்தை மறுமுனையில் தொங்கவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று சுமந்துகொள்ளும். மோட்டார் உராய்வை ஜெயித்தால் போதும். இரண்டு மாத்திரை டப்பா எடுத்து நட்டு, போல்ட்டு, தேய்ந்த பேரிங் எல்லாம் போட்டார். பாலம் கொஞ்சம் கனமாக நின்று தயங்கியது. நட்டு ஒன்று போட்டால் டப்பா இறங்குகிறது, எடுத்தால் பாலம் இறங்குகிறது. கடைசியில், "அஞ்சறைப்பெட்டியை எடு" என்றார். கடுகு. ஒரு சிட்டிகை இந்த டப்பாவில், ஒரு சிட்டிகை அந்த டப்பாவில். எத்தனையாவது சிட்டிகையோ, பாலம் பாதி உயரத்தில் அப்படியே நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மாமா விரல் நகத்தால் லேசாக நிமிண்டினார். கோயில் யானை எழுந்திருக்கிற மாதிரி மெதுவாக மேலே போனது.

மோட்டார் இப்போது முனகுவதில்லை.

18 ஆகஸ்ட்

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. முதலில் இரு பக்கத்துக்கும் தனித்தனி மோட்டார் வைத்திருந்தேன். ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், பாலம் சாய்ந்து கோபுரத்தில் சிக்கிக்கொள்ளும். ஒரே தண்டில் இரு பக்கத்து நரம்பையும் சுற்றியபிறகு சரியானது. தண்டு, சைக்கிள் சக்கரத்துக் கம்பி.

24 ஆகஸ்ட்

பசை. மைதா காய்ச்சிய பசைதான் மலிவு. ஆனால் பரணில் கரப்பானுக்கும் எலிக்கும் அதுவே விருந்து. பழைய காலத்தில் கூடைக்குக் காகிதம் ஊறவைத்து அரைக்கும்போது வெந்தயத்தையும் சேர்த்து அரைப்பார்கள். பிடிமானமும் கிடைக்கும், கசப்புக்குப் பூச்சியும் அண்டாது. புத்தகம் பைண்ட் செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார்கள். நானும் ஒரு துண்டு போட்டேன்.

25 ஆகஸ்ட்

மயில்துத்தம் பற்றி எழுதினதைத் திருத்துகிறேன். அது விஷம். குழந்தைகளோடு செய்கிறவர்கள் போடவே வேண்டாம். சமையல் பாத்திரத்தில் காய்ச்சவும் கூடாது. கேள்வி கேட்டவருக்குப் பையன் இருக்கிறான் என்பதையே மறந்துவிட்டேன். வெந்தயம் போதும், இல்லாவிட்டால் ஃபெவிகால்.

இன்னொன்று: பூச்சிக்காகப் பெட்டிக்குள் அந்துருண்டை போடுகிறவர்கள், தெர்மாகோலில் படாமல் துணியில் முடிந்து தள்ளி வையுங்கள். எங்கள் வீட்டுக் கோவர்த்தன மலையில் அது ஒட்டியிருந்த இடமெல்லாம் குழி. மழை வேண்டாம், மலையே ஒழுகும்.

31 ஆகஸ்ட்

இன்னொரு திருத்தம். ரயில் பிரியர் ஒருவர் தனிச் செய்தியில் காய்ச்சி எடுத்துவிட்டார். பக்கத்தில் 1914இல் திறந்த பழைய பாலத்தையும் அட்டையில் வெட்டி வைத்து, அதன் படத்தைப் போட்டிருந்தேனே, அதில் பழைய பாலமும் நேராக மேலே தூக்கியபடி இருக்கிறது. தப்பு. பழையது நடுவில் இரண்டாகப் பிரிந்து திறந்தது. இரு கையையும் கூப்பி வைத்து விரித்தால் எப்படி இருக்கும், அப்படி. ஷெர்சர் என்ற அமெரிக்க எஞ்சினியரின் அமைப்பு. மோட்டார் கிடையாது, ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறந்தார்கள். அதிலும் கவுன்டர் வெயிட் உண்டு என்று மாமா சேர்க்கச் சொல்கிறார்.

அட்டையைத் திரும்ப வெட்டியாயிற்று.

அவரே, "99 கண்ணுக்குப் பதில் ஆறு கண் வைத்துவிட்டு பாம்பன் என்று சொல்லாதீர்கள்" என்றும் எழுதியிருக்கிறார். சார், கயிலாயத்தையும் நான் நாலடியில்தான் முடித்தேன்.

7 செப்டம்பர்

பார்க்குக்கு எது விதைக்கலாம், எப்போது விதைக்கலாம் என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். முளைப்பாரி போட்டுப் பழகிய வீடுகளில் கேட்க வேண்டியதே இல்லை. கடுகு இரண்டு மூன்று நாளில் தலைகாட்டும், அஞ்சாம் நாள் அழகு, ஒன்பதாம் நாள் காற்றடித்த மாதிரி படுத்துவிடும். வெந்தயம் கொஞ்சம் தடித்த தண்டு. கேழ்வரகு மெதுவாக வரும், ஆனால் பார்க்கப் புல்தான். எல்லாரும் செய்கிற தப்பு ஒரேயடியாக ஒரே நாளில் விதைப்பது. இரண்டு தட்டு வையுங்கள். முதல் தட்டு 17ஆம் தேதி, இரண்டாவது 22. முதலாவது விழும்போது இரண்டாவதை மாற்றி வைக்கலாம். விதைக்குக் கீழே தேங்காய் நார்த்தூள் ஒரு விரல் கனம். தண்ணீர் தெளிக்கத்தான், ஊற்ற அல்ல.

14 செப்டம்பர்

கடல். நிஜத் தண்ணீர் வேண்டாம் என்று முன்பே முடிவு. ஒரு வருஷம் மீன்தொட்டிப் பம்பில் நீரூற்று வைத்து, ராத்திரி கசிந்து, காலையில் கீழ்ப்படி முழுக்க ஈரம். மண் பொம்மை இரண்டின் பாதம் கரைந்துவிட்டது. "தண்ணியும் கரண்டும் ஒரே இடத்துல வேண்டாம்மா" என்று மாமா அன்றே சட்டம் போட்டுவிட்டார்.

பிளைவுட் பலகை, 55க்கு 50. அதன்மேல் டிஷ்யூ பேப்பரைக் கசக்கி விரித்து, ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து பிரஷ்ஷால் அமுக்கினால் சுருக்கமெல்லாம் அலை. காய்ந்ததும் ஒரு பக்கம் கருநீலம், ஒரு பக்கம் பச்சை கலந்த நீலம், அலை முகட்டில் உலர்ந்த பிரஷ்ஷால் தொட்டும் தொடாமலும் வெள்ளை. வெள்ளையை நான் அதிகம் தொட்டுவிட்டேன். அம்மா வந்து பார்த்து, "தயிர்சாதமா?" என்றாள்.

கீழே எல்இடி ஸ்ட்ரிப். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது, மூன்று விளக்குக்கு ஒரு தரம் கத்திரிக்கோல் குறி இருக்கும், அங்கேதான். நடுவில் வெட்டினால் அந்த மூன்றும் எரியாது. இருந்தாலும் பழைய சீரியல் செட்டில் ஒன்று போய் மொத்தமும் அணைந்து, ஒவ்வொரு பல்பாகத் திருகிப் பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

21 செப்டம்பர்

மகாளய அமாவாசை. தர்ப்பணம், சமையல் எல்லாம் முடிந்து சாயங்காலம் படி கட்டினோம். மரப்பாச்சிக்குப் புதுப் பாவாடை. பாலம் ஏறி இறங்குகிறது. ரயில் வளைவில் ஒரு தரம் கவிழ்ந்தது.

24 செப்டம்பர்

முந்தாநாளிலிருந்து வந்த வாண்டுகள் ஸ்விட்சை எத்தனை தரம் அமுக்கினார்கள் என்று கணக்கில்லை. ஒருவன் பாலம் ஏறும்போது கையால் பிடித்து இழுத்தான். கோபுரம் ஆடி, நரம்பு கப்பியிலிருந்து நழுவி, கவுன்டர் வெயிட் கடலில் விழுந்து, பாக் நீரிணை முழுக்கக் கடுகு. சுண்டல் வாங்க வந்தவர்கள் உட்கார்ந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். ராத்திரி பதினொன்றுக்குக் கோபுரம் ஆடாதபடி ஒரு வழி செய்துவிட்டுத்தான் தூங்கினேன்.

இன்று வந்த ஒரு பாட்டி ஸ்விட்சைத் தொடவில்லை. அட்டையில் வெட்டின பழைய பாலத்தின் முன்னால் குனிந்து கொஞ்ச நேரம் நின்றார். சின்ன வயசில் மண்டபம் ஊரில் இருந்தார்களாம். "தனுஷ்கோடிக்கு இதுலதான் போவோம். புயலுக்கு முந்தி" என்றார். தாம்பூலம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதை நான் அரை மணி நேரத்தில் ஒப்புக்கு வெட்டி ஒட்டினேன். இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்திருக்கலாம்.

2 அக்டோபர்

விஜயதசமி. ராத்திரி ஆரத்தி எடுத்து, மரப்பாச்சியைப் படுக்கவைத்தாயிற்று. கேள்வி கேட்டவர் போட்ட படத்தைப் பார்த்தேன். பையன் பழைய அட்டைப்பெட்டியில் அவர்கள் தெருவையே செய்திருக்கிறான். இஸ்திரி வண்டி, டிரான்ஸ்ஃபார்மர், அதன்கீழே நாய். செட் வாங்கியிருந்தால் அந்த நாய் கிடைத்திருக்காது. மின்கம்பிக்கு என்ன நூல் போட்டான் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

5 அக்டோபர்

பேக்கிங். பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, துணிமேல் பெயர் எழுதி டிரங்குப் பெட்டியில் வைத்தாயிற்று. ஆறு கண்ணும் மும்மூன்றாக இரண்டு அட்டைப்பெட்டி. பரணில் ஏறிவிட்டன. செலவு கணக்குப் பார்த்தால் 1,140 ரூபாய், மாமாவின் இரும்புச் சாமான் சேர்க்காமல்.

தூக்கும் பகுதி மட்டும் பாக்கி. 24ஆம் தேதி "ஒரு வழி செய்தேன்" என்று எழுதினேன் அல்லவா? கழற்றி மாட்டுகிற மாதிரி செய்திருந்த கோபுரங்கள் இரண்டையும் எம்சீல் வைத்து கடல் பலகையோடு ஒட்டிவிட்டேன். பலகை 55க்கு 50. கோபுரம் 42 தாண்டக் கூடாது என்று நானே எழுதியிருக்கிறேன், 40தான் வைத்தேன். பலகையின் கனத்தையும் மேலே இருக்கிற கப்பியையும் கணக்கில் சேர்க்கவில்லை. மொத்தம் 44. கதவு 43.

சாய்த்துப் பார்த்தோம். மாமா ஒன்றும் சொல்லாமல் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

12 அக்டோபர்

எம்சீலைக் கழற்ற வழி தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லவும். தூக்கும் பகுதி பெட்ரூம் மூலையில், ஏறின நிலையிலேயே நிற்கிறது. இன்று காலை அதன்மேல் ஈரத் துண்டு.